வன்னியும் துவிச்சக்கர வண்டியும்

வன்னிப் பெருநிலத்திலே வீட்டுக்கும் வயலுக்கும், கிராமத்துக்கும் சந்தைக்கும் இடையே தூரம் அதிகம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதி மாத்திரம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளமானது. இத்தகைய நிலத்தில் கமக்காரனுக்கும் ஆசிரியனுக்கும் மாணவனுக்கும் வாய்த்த துணை துவிச்சக்கர வண்டியாகும்.

அவ்வண்டி கடல் கடந்து வந்தது. ஆதியில் இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரத்து றலி வண்டியும், பேர்மிங்காம் நகரத்து ஹேர்க்குலிஸ் வண்டியும் பேர்பெற்றிருந்தன. 1949ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த அம்பத்தூரில் ரி. ஐ. சைக்கிள் நிறுவனம் தோன்றியது. பிற்காலத்தில் இலங்கையின் பாணந்துறையிலே லுமாலா வண்டிகள் உருவாயின. வண்டி எங்கே பிறந்ததாயினும், அதற்கு ஆயுள் கொடுத்தவர் சந்தியில் இருந்த சைக்கிள் கடைக்காரரே. ரியூப்புக்கு ஒட்டுப் போடவும், வளைந்த றிம்மை நிமிர்த்தவும், தேய்ந்த குண்டுகளை மாற்றவும் அவர் அறிந்திருந்தார்.

அந்த அறிவின் பெறுமதி 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது தெரிந்தது. பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் மின்கலமும் வடக்கே வருவது தடைப்பட்டது. மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. அதுவும் கிடையாதபோது ஓய்ந்து நின்றன. துவிச்சக்கர வண்டியோ நெல் மூட்டையைச் சுமந்தது, விறகைச் சுமந்தது, நோயாளியையும் சுமந்தது. 1995ஆம் ஆண்டின் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோதும், அவர்களிற் பலர் பின்னர் வன்னியை அடைந்தபோதும், குடும்பத்தின் உடைமைகள் அவ்வண்டியின் கரியரிலே ஏறின.

அதனினும் அரியதொரு பணியை அவ்வண்டி செய்தது. இரவில் விளக்கெரிப்பதற்காகச் சக்கரத்தோடு பொருத்தப்பட்ட டைனமோவுக்குள் ஒரு காந்தம் சுழல, அதனருகேயுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831ஆம் ஆண்டில் மைக்கல் பரடே கண்ட உண்மை இதுவே. மின்கலமில்லாத வீடுகளில் வண்டியை நிறுத்தி வைத்து ஒருவர் மிதிக்க, மற்றையோர் சுற்றியிருந்து வானொலிச் செய்தி கேட்டனர். மிதிப்பவர் களைத்தால் செய்தியும் நின்றுவிடும். ஆகையால் முறை வைத்து மிதித்தனர். உலகத்தோடு அவர்களுக்கிருந்த தொடர்பு ஒருவரது காலின் பலத்திலே தங்கியிருந்தது.

2002ஆம் ஆண்டில் போர்நிறுத்தம் வந்து கண்டி வீதி திறந்தது; மீண்டும் போர் மூண்டு 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றது. பதின்மூன்று ஆண்டுகளின் பின், 2022இல், எரிபொருட் பஞ்சம் நாடு முழுவதையும் வாட்டியது. யூன் மாதத்தில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவாயிற்று. அப்பொழுது கொழும்பு நகரத்தாரும் துவிச்சக்கர வண்டியைத் தேடினர். மின்சாரத்தால் ஓடும் வண்டியைப் பற்றிய பேச்சும் எங்கும் வலுத்தது.

மின்வண்டியின் தத்துவம் வன்னி மக்களுக்குப் புதியதன்று. டைனமோவில் சக்கரம் சுழன்று மின்சாரம் தந்தது; இதிலோ மின்சாரம் பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றுகின்றது. ஆயினும் இதன் உறுப்புகள் வரும் வழி நெடியது. இலிதியம் அவுஸ்திரேலியாவின் சுரங்கங்களிலிருந்தும் சிலி நாட்டின் உப்பு நிலங்களிலிருந்தும் வருகின்றது. அதைக்கொண்டு செய்யும் மின்கலத்தை ஜப்பானின் சோனி நிறுவனம் 1991ஆம் ஆண்டில் முதன்முதலாகச் சந்தைக்குக் கொணர்ந்தது. வடக்கிலே மக்கள் டைனமோவை மிதித்துக்கொண்டிருந்த காலம் அது. இன்று அம்மின்கலங்களிலும், மோட்டாருக்கு வேண்டிய வலிய காந்தங்களிலும் பெரும்பகுதி சீனத்திலே செய்யப்படுகின்றது.

மின்வண்டியால் நன்மை உண்டு. பெற்றோல் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. தொலைவிலுள்ள பாடசாலைக்கு மாணவி களைப்பின்றிச் செல்லலாம். பளையிலே சுழலும் காற்றாலைகளைக் காண்போர்க்கு, வன்னிக் காற்றே வன்னி வண்டியை ஓட்டலாமே என்ற எண்ணமும் எழும். ஆனால் ஒட்டுப் போட்டு மீட்கக்கூடிய ரியூப்பைப் போன்றதன்று இம்மின்கலம். அது பழுதுற்றால் சந்தியிலுள்ள கடைக்காரர் என்ன செய்வார்? அதனைத் திறந்து, சோதித்து, செவ்வனே திருத்தும் பயிற்சி கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் உள்ள இளைஞருக்குக் கிடைத்தல் வேண்டும். உறுப்புகள் எத்தேசத்திலிருந்தும் வரலாம். வழி அடைபட்ட நாளில் வன்னியைக் காத்தது அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளே.