கடலோரக் குன்றும் காதற்றெய்வமும்

மேனாட்டு இலக்கியம் பயிலும் மாணவர் பலர், வீனஸ் என்னும் பெயரைக் கேட்டவுடன் அவளை நம் இரதிதேவியோடு ஒப்பிட்டு அமைவர். வில்லேந்திய கியூப்பிட்டைக் காணும்போது மன்மதன் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் மன்மதன் இரதியின் கணவன். கியூப்பிட்டோ வீனசின் மகன். உரோமரின் வீனஸ் காதற்றெய்வமாக மட்டும் நின்றவளல்லள். ஓர் அரசின் தாயாகவும் உயர்ந்தவள்.

'வீனஸ்' என்னும் இலத்தீன் சொல் முதலில் கவர்ச்சி, விருப்பம் என்னும் பொருளையே தந்தது. வடமொழியிலுள்ள 'வனஸ்' என்னும் சொல் இதற்கு உறவுடையதென மொழிநூலார் கூறுவர். பழைய இத்தாலியில் தோட்டங்களையும் காய்கறிப் பாத்திகளையும் காத்த இத்தேவி, பின்னர் கிரேக்கரின் அப்ரடைற்றியோடு ஒன்றாக எண்ணப்பட்டாள். நாம் அறிந்தவரை உரோம நகரில் அவளுக்கெழுந்த முதற் கோயில் கி. மு. 295இல் தொடங்கப்பெற்றது.

அவள் வரலாற்றின் திருப்பம் சிசிலித் தீவின் மேற்குக் கரையில் நிகழ்ந்தது. உப்புவெளிக் கரையில் நின்று தெற்கே நோக்குவோர்க்குக் கோணமாமலை கடலினின்று செங்குத்தாக எழுந்து தோன்றும். அதுபோலவே ஆங்கு எரிக்ஸ் என்னும் குன்று, துறைமுகமொன்றின்மேல் ஓங்கி நிற்கின்றது. அதன் உயரம் ஏறத்தாழ 750 மீற்றர். அதன் உச்சியில் ஒரு தேவி கோயில் கொண்டிருந்தாள். பினீசியரும் அவர் வழிவந்த கார்த்தேச்சு மக்களும் அவளை அஸ்தார்த்தே என்றனர். கிரேக்கர் அப்ரடைற்றி என்றனர். உரோமர் வீனஸ் என்றனர். ஆண்டுக்கொருமுறை அவள் கடல் கடந்து ஆபிரிக்கா செல்வதாகவும், அப்போது கோயிற்புறாக்களும் உடன் சென்று ஒன்பது நாட்களின்பின் மீள்வதாகவும் அவ்வூரார் நம்பினர். பெயர்கள் மாறின, குன்றும் வழிபாடும் மாறவில்லை.

முதலாம் பியூனிக்குப் போரில், கி. மு. 249இல், உரோமர் இக்குன்றைக் கைப்பற்றினர். கார்த்தேச்சுத் தளபதி அமில்கார் பல ஆண்டுகள் அதன் சாரலில் நின்று பொருதான். அவன் மகன் அனிபால் கி. மு. 217இல் திரசிமேன் ஏரிக்கரையில் உரோமப் படையை அழித்தான். கலங்கிய உரோமர் சிபிலின் நூல்களை ஆராய்ந்து, எரிக்ஸ் தேவிக்குத் தம் நகரில் கோயிலெடுக்க நேர்ந்துகொண்டனர். பேபியஸ் மாக்சிமஸ் அக்கோயிலை கி. மு. 215இல் கப்பித்தோல் குன்றில் அர்ப்பணித்தான். பகைவர் போற்றிய தெய்வத்தையே தம் நகரின் நடுவே குடியேற்றினர் என்பது கருதத்தக்கது.

இதற்கு அவர்கள் ஓர் உறவையும் காட்டினர். துரோய் நகரினின்று வந்த தம் முன்னோன் ஏனியாஸ், வீனசின் மகன் என்பது அவர் கொள்கை. பின்னர் யூலியஸ் சீசர் தன் குலம் அவ்வழி வந்ததெனக் கூறி, கி. மு. 46இல் 'ஈன்றதாய் வீனசு'க்குக் கோயிலமைத்தான். இவ்வாறு காதற்றெய்வம் அரசியற்றெய்வமாயிற்று.

உரோமரை அருளாளர் எனப் புகழ்வதற்கில்லை. கி. மு. 146இல் கார்த்தேச்சு நகரை எரித்து அழித்தவரும் அவரே. எரிக்ஸ் தேவியை வரவேற்றது அரசியற் சூழ்ச்சியாலுமே. எனினும், ஒரு மக்களை வெல்வதற்கு அவர்தம் வழிபாட்டை அழித்தல் வேண்டும் என்று அவர்கள் அன்று எண்ணவில்லை.

நம் கரைக்கு வந்த போர்த்துக்கேயர் வேறு வழி சென்றனர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் திருக்கோயிலை 1620களில் இடித்து, அக்கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். ஆனால் கோயில் மறைந்த பின்னரும் மலைமேல் நின்று வழிபடுவோர் மறையவில்லை. 1950இல் கிணறு தோண்டுகையில் பழைய வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. புதுக்கோயிலில் 1963இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. மாதுமையாள் மீண்டும் தன் குன்றில் கோணேசருடன் வீற்றிருக்கின்றாள்.

எரிக்சில் இன்று தேவி இல்லை. அவள் கோயிலிருந்த இடத்தில் இடைக்காலக் கோட்டையொன்றே நிற்கின்றது. அரசின் துணையால் உயர்ந்த வழிபாடு அரசோடு ஒடுங்கிற்று. அரசு இடித்த வழிபாடு மக்களால் நிலைத்தது. ஒரு தெய்வம் நிலைபெறுவது கல்லாலும் கோட்டையாலும் அன்று, நாள்தோறும் மலையேறிச் செல்லும் அடியார் கால்களாலேயே என்பது இவ்விரு குன்றுகளும் நமக்குக் கூறும் செய்தியாகும்.