எழுதிய கையின் பெயர்

விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கரிசல் நிலம் கைமாறும்போது எழுதப்படும் கிரையப் பத்திரத்தைக் கடைசிப் பக்கம் வரை படிப்பவர்கள் குறைவு. விற்பவரே பேசுவதுபோலத்தான் பத்திரம் முழுவதும் ஓடும்: எனக்குப் பாத்தியப்பட்டது, என் சுவாதீனத்தில் இருப்பது, வில்லங்கம் எதுவும் இல்லை, பின்னால் ஏதும் கிளம்பினால் என் சொந்தப் பொறுப்பில் தீர்த்துத் தருவேன். இதில் ஒரு வாக்கியம்கூட அவர் எழுதியதல்ல. நான்கெல்லையைக் கேட்டு, மூலப் பத்திரத்தைப் பார்த்து, அவர் வாய்மொழியைச் சட்டம் ஏற்கும் நடைக்குக் கொண்டுவந்தவர் பத்திர எழுத்தர். கடைசிப் பக்கத்தில், சாட்சிகளின் கையெழுத்தை ஒட்டி, அவர் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். இதே வேலையைப் புத்தகத்துக்குச் செய்பவரை இன்று கோஸ்ட் ரைட்டர் என்கிறோம். தொழிலதிபரின் வாழ்க்கை வரலாறு, நிறுவனத்தின் வரலாறு, மருத்துவரின் அனுபவ நூல் எனப் பலவற்றை எழுதித் தருபவர் அவர். சிதறிக் கிடக்கும் கையெழுத்துப் பிரதியைப் புத்தகமாக்கும் எடிட்டரும் பல நேரம் அவரேதான். நூலில் அவர் பெயர் இருப்பதில்லை. தொழிலின் இயல்பே அதுதான் என்று நம்பிவிட்டோம். தமிழ் எழுத்தின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

கல்வெட்டிலிருந்தே தொடங்கலாம். உத்தரமேரூர்ச் சபையின் குடவோலைத் தேர்தல் விதிகளைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டை (921) எல்லோரும் அறிவோம். அந்த விதிகள் சபையுடையவை, அதிகாரமும் சபையுடையது. ஆனாலும் இறுதியில், சபையார் பணிக்க இதை எழுதினேன் என்று ஊர் மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன் தன் பெயரைச் சொல்லித்தான் முடிக்கிறார். சோழர் காலத்து ஆவணங்கள் பலவும் எழுதியவரின் பெயரோடுதான் முடிகின்றன. ஓலைச்சுவடியிலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. நூலைப் பெயர்த்தெழுதியவர் ஆண்டு, மாதம், நாளுடன் தன் பெயரையும் குறித்து, பிழை இருந்தால் பொறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வார். இது புகழுக்காகச் செய்ததல்ல, பொறுப்பேற்பதற்காகச் செய்தது என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். என் வாதத்துக்கு அதுவே போதும். யார் எழுதினார் என்று தெரிந்தால்தான் தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்றும் தெரியும். புகழ் பிறகு வரட்டும்.

மாற்றம் அச்சோடு வந்தது. 1840களில் யாழ்ப்பாணத்தில் பீட்டர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் தமிழ் நடை கொடுத்தவர் இளைஞரான ஆறுமுக நாவலர். 1850இல் அது அச்சேறியபோது நூலின் முகப்பில் அவர் பெயர் இல்லை. அவரது பங்கைப் பின்னால் வாழ்க்கை வரலாற்றாளர்கள்தான் எடுத்துச் சொன்னார்கள். சட்டமும் இந்தப் பழக்கத்துக்குத் துணைபோனது. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டம், ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் இருக்க வேண்டும் என்றது. எழுதியவரைப் பற்றி அப்படி எதுவும் விதிக்கவில்லை. அரசு தேடியது பிடிக்கத்தக்க ஓர் அச்சுக்கூடத்தை. அதற்குப் பதிலாக 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் பருவ இதழ்களோடு நின்றுகொண்டது.

இதன் விளைவைச் சிவகாசி வட்டாரத்தைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. 1920களின் தொடக்கத்தில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். பெட்டிக்கு ஒட்ட லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக வளர்ந்த அச்சு, பட்டாசு உறை, காலண்டர், நோட்டுப் புத்தகம், பாடநூல் என விரிந்தது. நாட்டின் எந்த மூலையிலிருந்தோ வந்த நூலிலும் கடைசிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் 'சிவகாசி' என்று பார்க்கலாம். அச்சிட்ட ஊர் தெரிகிறது, எழுதிய ஆள் தெரிவதில்லை. இங்கேயே அச்சான கோயில் குடமுழுக்கு மலர்களிலும் பள்ளிப் பொன்விழா மலர்களிலும் குடும்ப வரலாறுகளிலும் இதே கதைதான். அவற்றில் பலவற்றை உருவாக்கியவர்கள் உள்ளூர்த் தமிழாசிரியர்கள். பெரியவர்களிடம் கேட்டு, ஆண்டுகளைச் சரிபார்த்து, ஒற்றுப்பிழை நீக்கி, புரூஃப் பார்த்து முடித்தவர்கள். அட்டையில் நன்கொடையாளர் படம் இருக்கும். இவர்களுக்கு நன்றியுரையில் ஒரு வரி கிடைத்தால் பெரிது.

மறைக்காமல் செய்தவர்களும் உண்டு. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்றது. அவருடைய முதுமைக்கால எழுத்துக்கு உடனிருந்து துணைசெய்தவர் கி.வா.ஜகந்நாதன், அது ஊரறிந்த செய்தி. அதனால் அந்த வாழ்க்கை வரலாறு உ.வே.சா.வுடையது அல்ல என்று யாரும் சொன்னதில்லை. பெரியாரின் பேச்சையும் எழுத்தையும் தொகுத்து 1974இல் வே.ஆனைமுத்து மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். தொகுத்தவர் பெயர் இருப்பதால் பெரியாரின் குரல் ஓரிடத்திலும் தேயவில்லை. அதே ஆண்டில் தொடங்கிய 'க்ரியா' பதிப்பகத்தில் எஸ்.ராமகிருஷ்ணன் எடிட்டிங்கைப் பிழைதிருத்தத்தின் வாலாக வைக்காமல் பதிப்பின் நடுவில் வைத்தார்.

எதிர்வாதங்கள் வலுவானவைதான். காசு கொடுத்தவருக்குத்தானே நூல் சொந்தம்? பத்திர எழுத்தரும் காசு வாங்கித்தான் எழுதுகிறார். அவர் பெயர் இருப்பதால் நிலம் அவருடையதாகிவிடவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவும், உரிமையை விற்ற பிறகும் தான் எழுதியதைத் தனது என்று சொல்லும் உரிமை எழுதியவருக்கு உண்டு என்கிறது. வேறொருவர் எழுதியது தெரிந்தால் வாசகர் நம்பமாட்டார் என்பது அடுத்த வாதம். ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமின் தன்வரலாறு 1999இல் அருண் திவாரியின் பெயரையும் தாங்கித்தான் வந்தது. கலாமின் வாழ்க்கையை அதனால் ஒருவரும் சந்தேகிக்கவில்லை. மூன்றாவது வாதத்துக்கு மட்டும் நான் இணங்குகிறேன். எழுதியவரே பெயர் வேண்டாம் என்று கேட்கும் நிலை உண்டு. ஆலை விபத்தில் பிழைத்த ஒருவரின் வாக்குமூலத்தை எழுதித் தருபவருக்கு அதே ஊரில் பிழைப்பு இருக்கிறது. அங்கே மறைவு ஒரு பாதுகாப்பு. அதை அவர் தாமே தேர்ந்துகொள்ள வேண்டும், ஒப்பந்தத்தில் ஒரு வரியாக அவர்மேல் சுமத்தக் கூடாது.

விருதுநகர் மாவட்டத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், எழுதப்படாத வாழ்க்கைகள் இங்கே ஏராளம். விருதுநகரில் பிறந்த காமராசர் (1903–1975) தன்வரலாறு எழுதவில்லை. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களைப் பற்றி ஆவணப்படம் வந்தது, குழந்தை உழைப்பு குறித்து 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஆனால் மருந்து கலக்கியவரும் திரி செருகியவரும் தம் வாயால் சொன்ன வாழ்க்கை நூலாக நிற்பது அரிது. புதுச்சேரிக்கு அருகே கரணியில் வாழ்ந்த வீரம்மாளின் வாழ்க்கை 1995இல் பிரெஞ்சு மொழியில் நூலாக வந்தபோது, சொன்ன வீரம்மாள் பெயரும் கேட்டெழுதிய ஜோசியான் ரசீன், ழான்-லுக் ரசீன் பெயர்களும் சேர்ந்தே இருந்தன. அப்படிப்பட்ட வேலையைச் செய்யத் திறமையானவர்கள் முன்வர வேண்டுமானால், அது பெயரும் ஊதியமும் உள்ள தொழிலாக இருக்க வேண்டும். ஆகவே, அடுத்து மலரோ வரலாறோ போட இருக்கும் விழாக் குழுவினருக்கும் ஆலை உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அச்சகத்தின் பெயர் வரும் அதே பக்கத்தில், எழுதியவரிடம் கேட்டுவிட்டு, எழுத்தாக்கம் இன்னார், செம்மையாக்கம் இன்னார் என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.