திண்டுக்கல் மலையின் வயது

திண்டுக்கல் கோட்டையின் வயதைக் கேட்டால் நம் மாணவர்கள் தயங்காமல் விடை கூறுவர். மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் அதனை 1605-இல் எழுப்பினார்; 1755-இல் ஹைதர் அலி பௌஜ்தாராக இங்கு வந்தார்; 1790-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். சில ஆண்டுகளுக்கு முன், பாறையிற் செதுக்கிய அக்கோட்டைப் படிகளில் என்னுடன் ஏறிய சிறுவன் ஒருவன், "ஐயா, இந்தக் கல்லுக்கு என்ன வயது?" என்று கேட்டான். "கல் என்றும் உள்ளதுதானே, தம்பி" என்று கூறி நான் மேலே நடந்துவிட்டேன். அது தவறான விடை. அந்தக் கடனை இன்று தீர்க்க விரும்புகிறேன்.

பாறைகள் மூவகை. உருகிய குழம்பு ஆறி இறுகியது தீப்பாறை. தக்காணத்தின் கரும்பாறையாகிய பசால்ட்டு அவ்வினத்தது. மணலும் சேறும் சிப்பியும் நீரடியில் படிந்து இறுகியது படிவுப்பாறை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கடற்சிப்பிகளை இன்றும் காணலாம். இவ்விரண்டில் எதுவாயினும், நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தன் இயல்பு திரிந்தால் அது உருமாறிய பாறை எனப்படும்.

திண்டுக்கல் வட்டாரம் பெரும்பாலும் இம்மூன்றாம் இனத்தது. நாம் எல்லாவற்றையும் கருங்கல் என்றே சொல்லிவிடுகிறோம். உற்று நோக்கினால் வேற்றுமை புலப்படும். வெண்மையும் கருமையும் பட்டை பட்டையாக ஓடுவது நைஸ். எண்ணெய் பூசினாற்போன்ற கரும்பச்சைக் கல் சார்னோக்கைட். சிறுமலையில் இது மிகுதி. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறைக்கு இவ்வினக் கல்லையே வைத்திருந்தனர். அதனால் ஹாலந்து என்னும் நிலநூலார் 1893-இல் இப்பெயரைச் சூட்டினார். கல்லறையில் உறங்குபவர் ஒருவரின் பெயரை நம் மலைகள் தாங்குவது வேடிக்கைதான்!

வேடசந்தூர்ப் பக்கம் இன்னும் வியப்பானது. வானம் பார்த்த அப்பூமியில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல், ஒரு காலத்தில் கடலடியில் படிந்தது. பின்னர் ஆழத்தில் வெந்து, முழுதும் பளிங்கு மணிகளாகிவிட்டது.

எவ்வளவு ஆழம்? சார்னோக்கைட்டின் கனிமங்கள் விடை கூறுகின்றன: 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 பாகை வெப்பத்திற்கும் மேலே. இவ்வட்டாரத்துப் பாறைகள் அவ்வாறு வெந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். அவற்றின் மூலப்பொருளோ அதனினும் பழையது. ஆகவே, தம்பி, கல்லுக்கு ஒரு வயதன்று, பல வயதுகள் உண்டு: படிந்த வயது ஒன்று, வெந்த வயது ஒன்று, வெளிப்பட்ட வயது மற்றொன்று.

அதன்மேல் கிடந்த அத்தனை பாறையையும் மழையும் வெயிலும் காற்றும் அரித்துக்கொண்டு போயின. பாரம் நீங்கவே, அடியிலிருந்த கல் விரிந்து, வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாக உரிகிறது. கல்தச்சர் இதனை நன்கறிவர். பாறைமேல் நெருப்பு மூட்டி, ஏடு கிளம்பியபின் பலகையாகப் பெயர்த்தெடுத்தனர் நம் முன்னோர்.

மழை ஓய்ந்தபின் மலையடிவாரத்துக்குச் சென்று, ஓடைமணலை ஒரு கை அள்ளிப் பாருங்கள். நேற்றுவரை பாறையாயிருந்த மணிகள் அவை. குடகனாற்றில் இறங்கி, அமராவதியிற் புகுந்து, காவிரியோடு கடலுக்குச் செல்லும் வழியில் இருக்கின்றன. அங்கே மீண்டும் படியும்.