பிரித்தானிய லீக், 1965 (ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயம்)

1965ஆம் ஆண்டின் பிரித்தானிய லீக், ஐக்கிய இராச்சியத்தில் நடைபெற்ற ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் முதற்பிரிவுப் போட்டித்தொடர் ஆகும். 18 அணிகள் மோதிய இத்தொடரில் கிழக்கு லண்டனின் வெஸ்ட் ஹாம் 'ஹமர்ஸ்' அணி சம்பியனானது. முந்தைய ஆண்டு ஏழே அணிகளுடன் தேய்ந்துகிடந்த முதற்பிரிவு, தனக்குக் கீழிருந்த பிரிவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு மீண்டெழுந்த பருவம் இது. வென்ற அணியின் மைதானம் இருந்த நியூஹாம் பகுதியில் இன்று யாழ்ப்பாணத்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழர் பெருந்தொகையாக வாழ்கின்றனர்.

பந்தய முறை

ஸ்பீட்வே, இறுகிய மண் அல்லது கல்தூள் பரப்பிய நீள்வட்டத் தடத்தில் நடைபெறும் பந்தயம். 500 கன செ.மீ. இயந்திரம் பூட்டிய மோட்டார் சைக்கிளுக்கு ஒரே ஒரு கியர்தான். பிரேக் கிடையாது. எரிபொருள் மெதனோல். வளைவில் வீரர் பின்சக்கரத்தை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, இரும்புத் தகடு கட்டிய இடது காலை நிலத்தில் ஊன்றி, முன்சக்கரத்தை எதிர்ப்புறம் திருப்பியபடி வண்டியைச் செலுத்துவார். பிரேக்கின் வேலையை இந்தச் சறுக்கலே செய்கிறது.

ஓர் ஓட்டத்தில் நான்கு பேர், அணிக்கு இருவர் வீதம், இடஞ்சுழியாக நான்கு சுற்று ஓடுவர். முடிவதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடமே செல்லும். முதலாமவருக்கு 3, இரண்டாமவருக்கு 2, மூன்றாமவருக்கு 1 புள்ளி. கடைசியாக வருபவருக்கு எதுவும் இல்லை. 1965இல் ஒரு போட்டி 13 ஓட்டங்களைக் கொண்டது. மொத்தம் 78 புள்ளிகள். 40 எடுத்த அணிக்கு வெற்றி. ஒரே அணியின் இருவரும் முதலிரு இடங்களைப் பிடித்தால் அந்த ஓட்டம் 5–1 என முடியும். ஆகவே தான் முந்துவதோடு, எதிரணியினரை மறித்துத் தன் கூட்டாளிக்கு வழிவிடுவதும் நல்ல வீரரின் கடமை.

யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரியில் ஓட்டம் திடலின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிகிறது. ஸ்பீட்வேயில் இருந்த இடத்தில் இருந்தபடியே முழு ஓட்டத்தையும் பார்க்கலாம். இலங்கையில் தியத்தலாவை, அநுராதபுரம் ஆகிய இடங்களில் நடைபெறும் சூப்பர்குரோஸ் பந்தயங்களும் மண் தடத்தில்தான் ஓடப்படுகின்றன. ஆனால் அவை மேடுகளில் பாய்ந்து செல்லும் வேறு வகையைச் சேர்ந்தவை.

தோற்றமும் வளர்ச்சியும்

1923இல் அவுஸ்திரேலியாவின் வெஸ்ட் மெயிற்லண்ட் நகரில் ஜொனி ஹொஸ்கின்ஸ் நடத்திய இரவுப் பந்தயமே இவ்விளையாட்டின் தொடக்கமாகப் பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. 1928 பெப்ரவரி 19 அன்று லண்டனுக்கு அண்மையிலுள்ள ஹை பீச்சில் நடந்த பந்தயம் இங்கிலாந்தில் அதற்குப் பெருங்கூட்டத்தைத் திரட்டியது. அடுத்த ஆண்டே லீக் போட்டிகள் தொடங்கின. 1932இல் தேசிய லீக் உருவாயிற்று.

வெஸ்ட் ஹாம் மைதானம் 1928இல் கஸ்டம் ஹவுஸ் பகுதியில் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் உதைபந்தாட்ட மைதானங்களுக்குப் பெயர்பெற்ற ஆர்ச்சிபோல்ட் லீச். 1930 டிசம்பரில் அங்கு நடந்த உதைபந்தாட்ட லீக் ஆட்டமொன்றுக்கு வந்தவர்கள் 469 பேர் மட்டுமே. 1933இல் அதே மைதானத்தில் ஒரு ஸ்பீட்வே போட்டியைக் காண 82,400 பேர் திரண்டனர். கப்பல்துறைத் தொழிலாளர் வாழ்ந்த அந்த வட்டாரம் எந்த விளையாட்டைத் தன்னுடையதாக வரித்துக்கொண்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 1937இல் வெஸ்ட் ஹாம் தேசிய லீக்கை வென்றது. மறு ஆண்டு அவ்வணியின் அவுஸ்திரேலிய வீரர் புளூயி வில்கின்சன் உலகச் சம்பியனானார்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் சில ஆண்டுகள் கூட்டம் அலைமோதியது. பின்னர் கேளிக்கை வரியும் தொலைக்காட்சியும் வருமானத்தை அரித்தன. கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வெஸ்ட் ஹாம் 1955 பருவத்தோடு நின்று, 1964இல்தான் மீண்டும் களமிறங்கியது.

1964: பிளவு

1960இல் சிறு நகரக் கழகங்கள் சேர்ந்து மாகாண லீக் என்ற கீழ்ப்பிரிவைத் தொடங்கின. செலவு குறைவு, போட்டிகள் நெருக்கமானவை. எனவே அது தழைத்தது. மேலே இருந்த தேசிய லீக்கோ ஆள் தேடும் நிலைக்கு வந்தது. 1963 முடிவில் சவுதாம்ப்ரன் மூடப்பட்டதும், மாகாணச் சம்பியனான வுல்வர்ஹாம்ரன் மேற்பிரிவுக்கு வரவேண்டும் எனக் கட்டுப்பாட்டுச் சபை பணித்தது. மாகாண லீக் மறுத்தது. 1964 பருவத்தை அது சபையின் அனுமதியின்றியே நடத்தியது. அதன் வீரர்களுக்கு உலகச் சம்பியன்ஷிப்பின் கதவு அடைக்கப்பட்டது.

தேசிய லீக்கில் எஞ்சியவை ஏழு அணிகள். ஒரே எதிராளிகளை மீண்டும் மீண்டும் காண மக்கள் எவ்வளவு நாள் காசு கொடுப்பார்கள்? தகராற்றைத் தீர்க்க அமைக்கப்பட்ட விசாரணைக்கு, நியூரம்பேர்க் போர்க்குற்ற விசாரணையில் பிரித்தானியாவின் தலைமை வழக்குத்தொடுநராயிருந்த ஷோக்ரொஸ் பிரபு தலைமை தாங்கினார். அதன் விளைவாக இரு தரப்பும் ஒரே அமைப்பின் கீழ் வந்தன.

1965 பருவம்

தேசிய லீக்கிலிருந்து பெல் வியூ, கொவென்றி, ஒக்ஸ்போர்ட், சுவின்டன், வெஸ்ட் ஹாம், விம்பிள்டன் என ஆறு அணிகள் வந்தன. நொரிச் மைதானம் விற்கப்பட்டதால் அவ்வணி வரவில்லை. மாகாண லீக்கிலிருந்து 12 அணிகள் சேர்ந்தன: நியூகாசில், எடின்பரோ, கிளாஸ்கோ, ஷெபீல்ட், ஹலிபக்ஸ், லோங் ஈற்றன், வுல்வர்ஹாம்ரன், கிரேட்லி ஹீத், நியூபோர்ட், ஹக்னி, எக்செற்றர், பூல். மிடில்ஸ்புரோவில் இயங்கிய அணியே இடம்மாறி ஹலிபக்ஸாயிற்று.

ஒவ்வோர் அணியும் மற்ற 17 அணிகளையும் சொந்த மைதானத்தில் ஒரு முறையும் வெளியே ஒரு முறையும் சந்தித்தது. ஆக 34 போட்டிகள். வலிமை ஓரிடத்தில் குவியாதிருக்க, வீரர்களை அணிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் முறையும் நடைமுறைக்கு வந்தது.

ஸ்கொட்லாந்து வீரர் கென் மக்கின்லேயின் தலைமையில் வெஸ்ட் ஹாம் லீக்கைக் கைப்பற்றியது. நோர்வேயின் ஸ்வெரே ஹார்பெல்ட், இளம் வீரர்களான நோர்மன் ஹன்ரர், மல்கம் சிமன்ஸ் ஆகியோர் அணியின் தூண்கள். விலகல் முறைக் கிண்ணத்தையும் லண்டன் கிண்ணத்தையும் அதே ஆண்டில் அவ்வணி வென்றது. விலகல் முறைக் கிண்ணத்தின் இறுதிப்போட்டியில் அதன் எதிரணி, முந்தைய ஆண்டுவரை மாகாண லீக்கில் இருந்த எக்செற்றர். கஸ்டம் ஹவுஸ் தடத்தில் விபத்துக்குள்ளாகி உயிரிழந்த அவுஸ்திரேலிய வீரர் டேவ் வில்ஸின் மரணம் அப்பருவத்தின் பெருந்துயர்.

லீக் வீரர்களுக்கான தனிநபர் சம்பியன் பட்டத்தைச் சுவின்டனின் பரி பிரிக்ஸ் வென்றார். நியூசிலாந்தைச் சேர்ந்த அவர் அதை 1970 வரை தொடர்ந்து ஆறு முறை தன்வசம் வைத்திருந்தார். வெம்பிளியில் நடந்த உலக இறுதிப்போட்டியில் சுவீடனின் பியோர்ன் க்னூட்சொன் வெற்றிபெற்றார்.

பின்விளைவுகள்

இணைப்பின் பலன் மறு ஆண்டே தெரிந்தது: 1966இல் சம்பியனானது ஹலிபக்ஸ். கீழிருந்து வந்த அணிகள் எண்ணிக்கைக்காக மட்டும் சேர்க்கப்பட்டவை அல்ல என்பதை அது நிறுவியது. புதிய கழகங்கள் தோன்றிய வேகத்தில் 1968இல் இரண்டாம் பிரிவொன்றே தொடங்கப்பட்டது.

வெஸ்ட் ஹாமுக்கு அந்த நல்லூழ் நீடிக்கவில்லை. 1970 ஜூலையில் பெல்ஜியத்தின் லொக்கரனில் நடந்த வாகன விபத்தில் அணி மேலாளர் பில் பிஷப்பும் வீரர்கள் பலரும் பலியாயினர். 1972இல் மைதானம் இடிக்கப்பட்டு வீடுகள் கட்டப்பட்டன. அங்குள்ள தெருக்கள் ஹொஸ்கின்ஸ், வில்கின்சன், குரூம்ப்ஸ், யங் என்று ஸ்பீட்வேக்காரரின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன.

ஹமர்ஸ் வென்ற 1965ஆம் ஆண்டின் ஏப்ரலில்தான் வெஸ்ட் ஹாம், ஈஸ்ட் ஹாம் என்ற இரு நகராட்சிகள் இணைந்து நியூஹாம் பிறந்தது. ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவுக்கும் மேனர் பார்க் முருகன் கோயிலுக்கும் போய்வரும் தமிழருக்கு அந்த மைதானம் இருந்த இடம் சில கிலோமீற்றர் தொலைவுதான்.

முதற்பிரிவு 1997இல் எலீற் லீக் எனவும், 2017இல் பிரிமியர்ஷிப் எனவும் பெயர் மாறியது. உலகின் வலிமைமிக்க ஸ்பீட்வே லீக் இன்று போலந்தில் இருக்கிறது. பிரித்தானியாவிலோ 2023இலும் 2024இலும் முதற்பிரிவில் ஓடியவை ஏழு அணிகள். 1964இல் எஞ்சியதும் இதே எண்ணிக்கைதான். மைதான நிலங்களை வீட்டுமனைக்காரரும் ஏனைய தொழில்களும் வாங்கிக்கொள்வதும் அன்று போலவே தொடர்கிறது. சிறந்த அணிகள் தங்களுக்குள் மட்டும் மோதிக்கொள்வதால் ஒரு லீக் வாழ்வதில்லை. எதிர்த்து நிற்கப் போதிய அணிகளும், கீழிருந்து வருபவை வெல்லக்கூடிய நிலையும் அதற்கு வேண்டும். 1965 பருவம் அதை நடத்திக் காட்டியது. இன்று இவ்விளையாட்டை நடத்துவோர் திரும்பிப் படிக்க வேண்டிய பருவமும் அதுவே.