குராசான் பூனையும் தக்காண வெயிலும்

1623 நவம்பரில் இத்தாலியப் பயணி ஒருவர் ஹொன்னாவரிலிருந்து கெருசொப்பா வழியாக மலையேறி, இன்றைய சாகருக்கு அருகே உள்ள இக்கேரிக்கு வந்து சேர்ந்தார். கேளடி நாயக்க மன்னர் வெங்கடப்பரைக் காணச் சென்ற போர்ச்சுகீசியத் தூதுக்குழுவில் அவரும் இருந்தார். அவர் பெயர் பியெட்ரோ தெல்லா வல்லே. ஈரானில் இறந்துபோன இளம் மனைவியின் உடலைப் பதப்படுத்திப் பெட்டியில் வைத்து, இந்தியா வழியாக ரோம் வரை கொண்டுசென்று அடக்கம் செய்த மனிதர் இவர். மலைப்பாதையில் ஒரு கோயில் தாழ்வாரத்தில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதி, ராகம் போட்டுக் கணக்குப் படித்ததைக்கூட விடாமல் எழுதிவைத்தவர். கர்நாடக வரலாற்று ஆய்வாளர்களுக்கு அவருடைய கடிதங்கள் பெரிய புதையல்.

அதே மனிதருக்குப் பூனை வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. 1620-ல் பாரசீகத்திலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில், குராசான் மாகாணத்துப் பூனைகளைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். உருவம் சாதாரணப் பூனைதான். அழகெல்லாம் ரோமத்தில் என்கிறார். நீலம் கலந்த சாம்பல் நிறம், பட்டுப் போன்ற மென்மை, வாலில் அடர்ந்து நீண்ட முடி. போர்ச்சுகீசியர்கள் அந்தப் பூனைகளைப் பாரசீகத்திலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுபோனார்கள் என்ற செய்தியும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆக, நீளமுடிப் பூனை நம் மண்ணுக்கு வந்து குறைந்தது 400 ஆண்டுகள் ஆகின்றன.

குராசான் ஈரானின் வடகிழக்கு. உயரமான, வறண்ட நிலம்; குளிர்காலத்தில் பனி கொட்டும். பூனையின் உடலில் எஃப்.ஜி.எஃப்.5 என்றொரு மரபணு இருக்கிறது. முடி இவ்வளவு வளர்ந்தது போதும் என்று நிறுத்துவது அதன் வேலை. அது பழுதானால் முடி நிற்காமல் நீளும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் குட்டிக்கு நீளமுடி. வெப்ப நாட்டில் இது சுமை. பனி நாட்டில் உயிர் காக்கும் போர்வை. நார்வேயின் காட்டுப் பூனைக்கும் சைபீரியப் பூனைக்கும் அமெரிக்காவின் மெய்ன் கூனுக்கும் நீளமுடி நிலைத்ததில் குளிருக்குப் பெரும் பங்கு உண்டு. அவற்றின் மேல்முடி தண்ணீரை வழியவிடும். பாரசீகப் பூனையின் முடியோ மெல்லியது, அடர்ந்தது, எளிதில் சிக்கு விழுவது.

போர்ச்சுகீசியர் கப்பலோடு கதை முடியவில்லை. 1809-ல் ஆங்கிலேயத் தூதர் மவுண்ட்ஸ்டுவர்ட் எல்ஃபின்ஸ்டன் ஆப்கன் அரசரைச் சந்திக்கப் பெஷாவரில் இருந்தார். 1815-ல் வெளியான, காபூல் நாட்டைப் பற்றிய தன் நூலில், அங்கிருந்து நீளமுடிப் பூனைகள் ஏராளமாக வெளியே போகின்றன என்றும், எல்லோரும் அவற்றைப் பாரசீகப் பூனை என்கிறார்கள், ஆனால் பாரசீகத்தில் அவை அதிகமில்லை, அங்கிருந்து ஏற்றுமதியாவதும் அரிது என்றும் எழுதினார்.

இன்றைய மரபணு ஆய்வு அவரையும் தாண்டிப் போய்விட்டது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லெஸ்லி லயன்ஸ் குழு 2008-ல் உலகின் பல பூனை இனங்களை ஒப்பிட்டது. பெர்ஷியன் என்ற பெயரில் இன்று வளரும் பூனை, மேற்கு ஐரோப்பியப் பூனைகளோடுதான் சேர்ந்தது. மேற்காசியப் பூனைகளோடு அல்ல. ஐரோப்பா போய்ச் சேர்ந்த நீளமுடியை அங்குள்ள பூனைகளோடு கலந்து, பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியதன் விளைவு இது. 1871 ஜூலையில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வெயர் நடத்திய பூனைக் காட்சிக்குப் பிறகு அந்தத் தேர்வு ஒரு போட்டியாகவே மாறியது.

என் மனத்தை வருத்துவது அதற்குப் பின் நடந்ததுதான். அந்தக் காலப் படங்களில் பெர்ஷியனுக்கு ஒழுங்கான மூக்கு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு, அமெரிக்கக் காட்சிகளில் தட்டையான முகத்துக்குப் பரிசு கிடைத்தது. மூக்கு கண்களுக்கு நடுவே ஏறிக்கொண்டது. கண்ணீர்க் குழாய் மடங்கியதால் கண் ஓயாமல் வடிகிறது. பற்கள் நெருக்கியடிக்கின்றன. மூச்சு விடுவதே பாடு. குராசானின் குளிர் கொடுத்தது முடியை மட்டும்தான். இந்த முகத்தைக் கொடுத்தது மனிதரின் ரசனை.

பெங்களூரில் இது ஏட்டு வரலாறு அல்ல. சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் விசாரித்தாலும் சரி, இணையத்தில் தேடினாலும் சரி, விற்பவர்கள் 'டால் ஃபேஸ்', 'செமி பஞ்ச்', 'பஞ்ச் ஃபேஸ்' என்று தரம் பிரித்தே பேசுகிறார்கள். மூக்கு எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு விலை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நம் ஊர் பூனைக்கு ஏற்ற குளிர் ஊர் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் 2016 ஏப்ரலில் இங்கே 39.2 டிகிரி வரை வெயில் ஏறியது. பூனை பாதங்களின் அடியில்தான் வியர்க்கும். உடம்பை நக்கி ஈரமாக்கித்தான் சூட்டைத் தணிக்கும். இரட்டை அடுக்கு ரோமமும் அமுங்கிய மூக்கும் சேர்ந்தால் அதற்கு வழி அடைபட்டுப் போகிறது. வாய் திறந்து இரைத்தால் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய், பல நாடுகளின் ஆய்வுகளில் பெர்ஷியன்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் காணப்பட்டது. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்கு வரலாம். இதற்குக் காரணமான மரபணுப் பிழை 2004-ல் கண்டுபிடிக்கப்பட்டதால், டி.என்.ஏ. சோதனையில் தெரிந்துவிடும். பெற்றோருக்கு அந்தச் சோதனையைச் செய்திருக்கும் விற்பனையாளரிடம் மட்டுமே குட்டி வாங்குங்கள். 2018-ன் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி கடை பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தச் சான்றையும் கேளுங்கள். தினமும் சீவிவிட நேரமில்லாதவர்கள் நீளமுடிப் பூனை வளர்க்க வேண்டாம். பெர்ஷியன்தான் வேண்டும் என்றால், தெல்லா வல்லே கண்டதைப் போல, சாதாரண மூக்கு உள்ள பூனையைத் தேர்ந்தெடுங்கள். பஞ்ச் ஃபேஸை மட்டும் வாங்காதீர்கள். வாங்க ஆளில்லை என்றால் அந்த முகத்தை யாரும் உருவாக்க மாட்டார்கள்.