பெருந்தொற்றும் வலி தணிக்கும் கதிர்சிகிச்சையும்

கதிர்சிகிச்சை என்றால் புற்றுநோயைக் குணப்படுத்துவதற்கு மட்டுமே என்று பலரும் நினைக்கிறார்கள். நோய் முற்றி எலும்புக்குப் பரவிய பிறகும் அதற்கு வேலை உண்டு. எலும்பு வலியைக் குறைக்கும், இரத்தக்கசிவை நிறுத்தும், தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலிழப்பதைத் தடுக்கும். இதற்குத் தணிப்புக் கதிர்சிகிச்சை என்று பெயர்.

1895ல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த சில ஆண்டுகளிலேயே மருத்துவர்கள் அதைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கினர். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ல் அடையாறு புற்றுநோய் நிலையம் செயல்படத் தொடங்கியது. ஆனால் தென்கோடியில் இருப்பவர்களுக்குச் சென்னை தூரம். குற்றாலத்தை அடுத்த இலஞ்சியிலிருந்து கதிர்சிகிச்சைக்குப் போகிறவர்கள் ஒன்று, பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவார்கள். இல்லையென்றால் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போவார்கள்.

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22ல். நான்கே மாதத்தில், 2020 மார்ச் 25 முதல், நாடு முழுவதும் ஊரடங்கு. பஸ்ஸும் ரயிலும் நின்றன. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும், கேரள எல்லையைத் தாண்டவும் அனுமதி வேண்டும். புற்றுநோயாளிக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்பதால் மருத்துவமனைக்குப் போவதே ஆபத்தாகிவிட்டது. போகாமல் இருந்தால் வலி விடாது.

எலும்பு வலிக்கு 10 நாட்களில் 30 கிரே கதிர் கொடுப்பது நெடுநாள் வழக்கம். பாளையங்கோட்டை இலஞ்சியிலிருந்து சுமார் 60 கி.மீ. தினமும் போய் வந்தால் 10 நாளில் 1,200 கி.மீ. ஆகும். முதுகெலும்பில் நோய் உள்ளவருக்குப் பஸ்ஸின் ஒவ்வொரு குலுக்கலும் வேதனைதான்.

இதற்கு விடை ஏற்கெனவே இருந்தது. ஒரே தடவையில் 8 கிரே கொடுத்தாலும் வலி அதே அளவு குறைகிறது என்று நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் நடந்த பெரிய ஆய்வுகள் 1999லேயே காட்டியிருந்தன. பின்னாளில் மறுபடியும் சிகிச்சை தேவைப்படுவது மட்டும் இம்முறையில் அதிகம். அப்படியிருந்தும் பல இடங்களில் பழைய வழக்கமே தொடர்ந்தது. 2020ல் பெருந்தொற்று வந்தபோது, சிக்கலில்லாத எலும்பு வலிக்கு ஒரே தடவை போதும் என்று பல நாட்டு மருத்துவர்களின் வழிகாட்டுதல்கள் வலியுறுத்தின.

20 ஆண்டு பழைய உண்மைக்கு ஒரு கொள்ளைநோய் வந்துதான் வழிவிட வேண்டியிருந்தது. ஊரடங்கு முடிந்துவிட்டது, பஸ்கள் ஓடுகின்றன. ஆனால் இலஞ்சிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே உள்ள 60 கி.மீ. குறையவில்லை. எஞ்சிய நாட்கள் சிலவே என்றால், அதில் 10 நாட்களைப் பயணத்தில் கழிப்பதா, வீட்டுத் திண்ணையில் பேரப்பிள்ளைகளோடு கழிப்பதா? எல்லோருக்கும் ஒரே தடவை போதாது, அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் "ஒரே தடவையில் முடிக்க முடியுமா, டாக்டர்?" என்று கேட்பதற்கு இன்னொரு பெருந்தொற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.