சரக்கு போட்ட பாதை

விட்பியின் புரொக் வீதி தெற்கே போய் ஒன்ராறியோ ஏரியில் முடிகிறது. அங்குள்ள குடாவில் இன்று உல்லாசப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் அதே தண்ணீரில் தானியக் கப்பல்கள் நின்றன. இலங்கையின் வல்வெட்டித்துறையில் கடலோடிக் குடும்பத்தில் பிறந்தவன் நான். எந்தத் துறைமுகத்தைக் கண்டாலும், இங்கே என்ன ஏற்றினார்கள் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. ரொறன்ரோவுக்குக் கிழக்கே இருக்கும் இந்த ஊரில் அந்தக் கேள்வியோடு தேடித் திரிந்ததில் ஒன்று தெளிவானது. பாதையைப் போடுவது பெரும்பாலும் வணிகம்தான். அதற்குப் பொருள் கொடுப்பவர்கள் பின்னால் வருகிற பயணிகள்.

வடக்கே ஸ்கூகொக் ஏரிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்களின் கோதுமையும் மரமும் இந்தக் குடாவுக்கு வந்தாக வேண்டும் என்று கணித்தவர் பீட்டர் பெரி. 1836 தேர்தலில் தோற்ற அரசியல்வாதியான அவர், இங்கே வந்து வணிகத்தில் இறங்கினார். துறைமுகமும் வடக்கே போகும் சாலையும் வளர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. உழவர்கள் தானியத்தைக் கொண்டுவர மாரிகாலத்தையே விரும்பினார்கள். பனி உருகும் பருவத்தில் வண்டிச் சக்கரம் அச்சுவரை சேற்றில் புதைந்துவிடும். பனி இறுகிக் கிடந்தால் குதிரை பூட்டிய சறுக்குவண்டி பெரும் பாரத்தையும் இலகுவாக இழுத்து வரும். வந்த தானியம் ஏரியோரக் கிட்டங்கிகளில் கிடந்து, தண்ணீர் திறந்ததும் கப்பல் ஏறும்.

பெரி 1851இல் இறந்தார். அவர் காணாத செழிப்பு அடுத்த ஐந்தாண்டுகளில் வந்தது. 1854இல் அமெரிக்காவோடு வரிச்சலுகை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு பிரித்தானியா கிரிமியப் போரில் இறங்க, ரஷ்யத் தானியம் தடைப்பட்டுக் கோதுமை விலை ஏறியது. 1855இல் விட்பி நகரமானது. மறு ஆண்டு ரொறன்ரோவையும் மொன்றியலையும் இணைத்த கிராண்ட் டிரங்க் ரயில் ஊர் வழியாக ஓடத் தொடங்கியது.

வடக்கின் தானியத்தை நேரே துறைமுகத்தில் இறக்க ஊருக்குச் சொந்தமாக ஒரு ரயிலும் வேண்டியிருந்தது. 1868இல் போர்ட் விட்பி – போர்ட் பெரி ரயில் நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது. 1877இல் அந்தப் பாதை லிண்ட்சே வரை நீண்டது. ஓக் ரிட்ஜஸ் மேட்டில் ஏற அந்த வண்டி படும் பாட்டைப் பார்த்து மக்கள் அதற்கு 'நிப் அண்ட் டக்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். போய்ச் சேருமா சேராதா என்ற இழுபறிதான் அந்தப் பெயரில் இருந்தது. ஆனால் கோடை வந்தால் அதே தண்டவாளத்தில் குடும்பங்கள் சாப்பாட்டுக் கூடையோடு ஏறின. போர்ட் பெரியில் இறங்கி, ஸ்கூகொக் ஏரியில் நீராவிப் படகில் உலாவி வந்தன. தானியத்துக்காகப் போட்ட பாதை பிள்ளைகளுக்கு விடுமுறைப் பாதையானது.

அமெரிக்க பியர் ஆலைகளுக்குப் போன பார்லிதான் ஏரியின் வடகரைத் துறைமுகங்களைப் பிற்காலத்தில் தாங்கியது. 1890இல் மெக்கின்லி வரிச் சட்டம் கனடியப் பார்லிமீது பெருவரி போட்டதும் அந்தக் காலம் முடிந்தது. இரண்டாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில் வடக்கே போன தண்டவாளமும் போய்விட்டது. 1903இல் கிராண்ட் டிரங்க் கட்டிய ரயில் நிலையம் மட்டும் இடம் மாற்றப்பட்டு, ஸ்டேஷன் கேலரி என்ற ஓவியக்கூடமாக நிற்கிறது. மரமும் கூம்புக் கோபுரமுமாக இருக்கும் அந்தக் கட்டடத்துக்குள் போகும்போதெல்லாம், பயணச்சீட்டுக்குக் காத்திருந்த கூட்டம்தான் என் மனக்கண்ணில் வரும்.

இந்த ஊர் பெயரை வாங்கியது இங்கிலாந்தின் யார்க்ஷயர் விட்பியிடமிருந்து. அங்கேயும் இதே ஒழுங்கைக் காண்கிறேன். ஜேம்ஸ் குக் தென்கடல்களைத் தேடிப்போன எண்டவர், விட்பியில் 1764இல் நிலக்கரி சுமக்கக் கட்டிய கப்பல். 1885இல் அந்தக் கரையில் மணல் ஏற்றி வந்த டிமிட்ரி என்ற ரஷ்யக் கப்பல் தரை தட்டியது. அதைக் கேட்டறிந்த பிராம் ஸ்டோக்கர், தன் 'டிராகுலா' நாவலில் டிமீட்டர் என்ற கப்பலாக அதை விட்பிக்குள் கொண்டுவந்தார். நாவல் 1897இல் வெளிவந்தது. நிலக்கரிக் கப்பல் நாடுகாணப் போனது. மணல் கப்பல் கதைக்குள் போனது.

எங்கள் ஊருக்கும் இப்படி ஒரு கப்பல் உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி, வங்கக்கடலில் சரக்கு சுமந்த பாய்க்கப்பல். என் அப்பப்பா காலத்தில் வல்வைத் தண்டையல்மார், அதாவது எங்கள் ஊர்க் கப்பல் தலைவர்கள், இப்படியான கப்பல்களில்தான் ரங்கூன் அரிசி கொண்டுவந்தார்கள். சிறு பாய்மரப் படகில் உலகைச் சுற்றிப் பயணநூல் எழுதிய அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அன்னபூரணியை விலைக்கு வாங்கி, தன் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வைக் கடலோடிகளும் அதைச் சுயெஸ் வழியாக அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். வாங்கியவருக்கு அது சாகச ஆசை. ஓட்டிவந்தவர்களுக்கு அது தொழில். ஒரே கப்பலில் இரண்டு பயணங்கள் நடந்தன.

மீண்டும் ஒன்ராறியோவின் விட்பிக்கு வருவோம். இந்த ஊருக்கும் ஒஷாவாவுக்கும் நடுவே ஏரிக்கரையில் 1941 டிசம்பர் 6ஆம் தேதி கேம்ப் எக்ஸ் என்ற இரகசிய உளவுப் பயிற்சி முகாம் திறந்தது. ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயன் பிளெமிங் இங்கே பயிற்சி பெற்றார் என்று ஒரு கதை உலவுகிறது. வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்பதில்லை. என்னை இழுப்பது அங்கே உண்மையில் பயின்றவர்களின் வரலாறு. கனடாவில் பிழைக்க வந்திருந்த குரோவேசியத் தொழிலாளர்களான பீட்டர் எர்டெல்யாக்கும் பாவ்லே பாவ்லிச்சும் இங்கே பயின்று, 1943 ஏப்ரலில் அச்சு நாடுகளின் பிடியிலிருந்த யூகோஸ்லாவியாவில் இரவில் பாராசூட்டில் குதித்தார்கள். குடிபெயர்ந்தவன் பிறந்த மண்ணுக்குத் திரும்பும் வழிகளில் இப்படியும் ஒன்று இருந்திருக்கிறது. அந்த இடத்தில் இப்போது இன்ட்ரெபிட் பூங்கா இருக்கிறது.

நாங்கள் வந்த வழியும் சரக்கு போட்ட வழிதான். 1986 ஆகஸ்ட் 11 அன்று நியூஃபவுண்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். ஜெர்மனியிலிருந்து அவர்களை ஏற்றிவந்து நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போனது ஔரிகே என்ற சரக்குக் கப்பல். 1983 இனக்கலவரத்துக்குப் பின் வந்த எங்களில் பலர் ஸ்காபரோவில் கால் ஊன்றி, பிறகு ஏஜக்ஸ், விட்பி என்று கிழக்கே நகர்ந்தோம். கோ என்ற புறநகர் ரயில் 1988 டிசம்பரில்தான் விட்பி வரை வந்தது. பழைய துறைமுகத்துக்குப் பக்கத்து நிலையத்தில் இன்று காலை ரயிலுக்கு நிற்பவர்களிடையே தமிழ்ப் பேச்சுக் கேட்கிறது.

பல பத்தாண்டுகள் நகர ஆவணக்காப்பாளராக இருந்த பிரையன் வின்டர், 1999இல் விட்பியின் வரலாற்றை நூலாக்கித் தந்தார். பெரியின் கடையும் நிப் அண்ட் டக்கும் மறக்கப்படாமல் இருப்பது இப்படிப் பாடுபட்டவர்களால்தான். சரக்குக்குக் கணக்கேடு இருக்கும். வரி கேட்பவன் அதை எழுதி வைப்பான். ஆட்களின் வழியை ஆட்களே எழுதினால்தான் உண்டு. எந்தத் தேதியில் வீட்டை விட்டுக் கிளம்பினோம், எந்த நகரத்தில் எத்தனை மாதம் முடங்கிக் கிடந்தோம், யார் காசு தந்தார்கள், யார் வீட்டு நிலவறையில் முதல் மாரியைக் கழித்தோம் என்பதை எங்கள் முதியவர்கள் தமிழிலேயே சொல்லட்டும். பிள்ளைகள் பதிவுசெய்து, ஊர்ப்பெயரும் ஆண்டும் பிழையில்லாமல் எழுதி, விட்பி நூலகத்தின் ஆவணக்காப்பகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். இந்தத் துறைமுகத்தின் வரலாற்றில் கோதுமைக்கு இருக்கும் இடம் எங்களுக்கும் உண்டு.